வேலியை அடைப்பது யார்?

போன வாரம் ஒரு தோழர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பழைய மரப் படல் ஒன்று. ஒரு பக்கம் கட்டு அறுந்துபோய் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருக்கிறது. நடுவில் ஒடிந்த சட்டத்துக்குப் பதிலாக ஒரு வேப்பங்கொம்பு. கீழே ஆட்டுக்குட்டி நுழையாமல் இருக்க சிமெண்ட் சாக்கு. "எதையும் வீணாக்காத கிராமத்து வாழ்க்கை" என்று தலைப்பு. அதற்கு வரிசையாக இதயக் குறிகள், போட்டவர்களில் பாதிப்பேர் நம் பிள்ளைகள்.

அவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கேள்வி வேறு. இதைக் கட்டியது யார்? அன்றைக்கு அவருக்குக் கூலி கொடுத்தார்களா?

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி பக்கம், மானாவாரிக் காடு. என் அப்பா வேலி அடைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ஆடி பிறக்கும்போது அவருக்கு ஆள் வரும். விதைப்புக்கு முன்னால் காட்டுக்காரர் வேலியை அடைத்தாக வேண்டும். அப்பா வெட்டரிவாளும் கவைக்கம்பும் எடுத்துக்கொண்டு போவார். கண்மாயில் சீமைக் கருவேல முள்ளை வெட்டுவார், கவையால் அமுக்கி உருட்டிக்கொண்டு வருவார், பழைய வேலியில் எங்கெல்லாம் பொத்தல் விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் செருகுவார். ஊன்றுகம்பு கறையான் அரித்திருந்தால் மாற்றுவார். படல் தொங்கிப்போயிருந்தால் பனைநாரை ஊறவைத்துக் கட்டுவார். நார் இல்லாத வருடம் டியூப், அதுவும் இல்லாவிட்டால் கட்டுக்கம்பி. மூன்று நாள் வேலை. காலையில் கூழ், மத்தியானம் சோறு, கடைசி நாள் விறகுக்கு ஒரு கட்டு முள். ரூபாய் என்று எதையும் நான் பார்த்ததில்லை. "நம்ம காடுதானப்பா, பாத்துச் செய்யி" என்பார் காட்டுக்காரர். அவருடைய மகன், என் வயது, அப்பாவைப் பெயர் சொல்லி "வாடா, போடா" என்பான். அப்பா அவனைச் "சாமி" என்பார்.

இன்று பயனில்லாத வேலையை வெட்டி வேலை என்கிறோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய வேலை. இந்தச் சொல்லைக் கேலிக்குப் பயன்படுத்துவதை நாம் எப்போது நிறுத்தப்போகிறோம் என்று தெரியவில்லை, அது இருக்கட்டும்.

கூலி கொடுக்காதது பாதிக் கதைதான். மீதிப் பாதி எனக்குப் பாட்டி செத்த அன்றுதான் புரிந்தது.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி அந்தக் காட்டை ஒட்டிப் போகிறது. வண்டிப் பாதை. அப்பா சிறுவனாக இருந்தபோது மாட்டுவண்டி தாராளமாகப் போகும், 12 அடி இருக்கும் என்பார். பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியவில்லை. ஒருவர் முன்னே, ஒருவர் சற்றுப் பின்னே, பாடையை ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டு போனோம். முள் பட்டு மாலை அறுந்தது. என் சித்தப்பா தோளில் கிழித்து ரத்தம் வந்தது. இப்போது அந்த இடத்தில் பாதை நாலரை அடி.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. யாரும் வந்து பாதையை மறித்துச் சுவர் வைக்கவில்லை. வைத்திருந்தால் சண்டை வந்திருக்கும், செய்தி வந்திருக்கும், தலைவர்கள் வந்திருப்பார்கள். நடந்தது வருடாவருடப் பழுதுபார்ப்பு. முள்வேலியின் தன்மை அப்படி. பழைய முள் கீழே மக்கும். அதைப் பிடுங்கி எறிவது கஷ்டம், கையைக் கிழிக்கும். அதனால் புது முள்ளைப் பழைய முள்ளுக்கு வெளியே சாத்துவார்கள். உள்ளே சாத்தினால் வரப்பு போகும், விதைப்பு நிலம் போகும், காட்டுக்காரர் விடமாட்டார். வெளியே சாத்தினால் போவது பாதைதானே. பழைய முள் மக்கி மண்ணானதும் அந்த இடத்தையும் சேர்த்து உழுதுவிடுவார்கள். வருடத்துக்கு அரைச் சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடத்தில் ஏழரை அடி. 12 அடியில் ஏழரை போனால் என்ன மிச்சம் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அரைச் சாணை ஒவ்வொரு வருடமும் நகர்த்தியது என் அப்பாவின் கை. தன் தாயின் பாடை போக வேண்டிய வழியை, கூலி இல்லாமல், தானே அடைத்திருக்கிறார். அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொன்னபோது பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்வதைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. வேலி பாதையை மேய்வதைப் பற்றி ஏன் இல்லை? பழமொழி சொன்னவர்கள் வேலிக்கு உள்ளே இருந்தவர்கள். ஆனால் வேலிக்கு ஓணான் சாட்சி என்றொரு பழமொழி உண்டு, அது நமக்கு ஆகும். கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், பாதை சுருங்கிவிட்டது என்று சொல்லுங்கள். "வேலி ரொம்ப வருசமா அங்கதானே இருக்கு" என்று பதில் வரும். தலையாட்டும் ஓணான்.

"ரொம்ப வருசமா" என்ற இந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலவரையறைச் சட்டத்தில் எதிரிடை அனுபவம் என்று ஒன்று உண்டு. தனியார் நிலத்தை 12 ஆண்டு, அரசு நிலத்தை 30 ஆண்டு, எதிர்ப்பில்லாமல் வெளிப்படையாகத் தன் நிலம்போல அனுபவித்துவிட்டால், அதை வைத்தே ஒருவர் உரிமை பேச முடியும். அந்த அனுபவத்துக்கு நீதிமன்றத்தில் முதலில் காட்டப்படும் அடையாளம் எது? வேலி. ஆண்டுதோறும் பராமரித்து வந்த வேலி. ஒவ்வொரு டியூப் கட்டும், ஒவ்வொரு வேப்பங்கொம்பும் ஒரு சாட்சிக் கையெழுத்து. போட்டவர் நம் ஆள், பலன் அவர்களுக்கு.

பஞ்சமி நிலத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. முதல் பத்தாண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. காகிதத்தில் அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது. களத்தில் பல இடங்களில் இருப்பது வேறொருவருடைய கம்பிவேலி.

இப்போது உத்தப்புரத்துக்கு வருகிறேன். முள்ளை விட்டுச் சுவருக்குப் போவதாக நினைக்காதீர்கள், அங்கே நடந்ததும் இதே ஒட்டுப்போடும் வேலைதான்.

உத்தப்புரம் நம் மதுரை மாவட்டத்தில், எழுமலைக்கு அருகில். 1989 மோதலுக்குப் பிறகு, தலித் மக்கள் சாதி இந்துக்களின் தெருக்கள் பக்கம் வராமல் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுந்தது. அது சமாதான ஒப்பந்தத்தின்படி வந்த சுவர் என்பதுதான் கட்டியவர்கள் சொன்ன நியாயம். சமாதானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பயம் வருகிறது. சுமார் 18 ஆண்டு அது நின்றது. ஊராட்சிக்கும் தெரியும், வருவாய்த் துறைக்கும் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். 2008 ஏப்ரலில் சுவர்மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பி போட்டது வெளியே வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. மின்கம்பி என்பது என்ன? சுவருக்குச் செய்த பராமரிப்பு. பையன்கள் ஏறிக் குதிக்கிறார்கள் என்றால் முள்வேலியில் கூடுதலாக இரண்டு கட்டு முள் வைப்பார்களே, அதே புத்தி.

தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் கையில் எடுத்துப் போராடிய பிறகு, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் காவல்துறைப் பாதுகாப்போடு சுவரை இடித்தது. எவ்வளவு இடித்தது? சுமார் 15 அடி. 600 மீட்டர் என்பது ஏறத்தாழ 1,970 அடி. அதில் 15 அடி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 15 அடிக்காகப் போராடிய மக்களையும் தோழர்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் இல்லையென்றால் மின்கம்பி இன்றைக்கும் அங்கே இருந்திருக்கும். நான் கேட்பது அரசை. பொது இடத்தில் ஒரு சுவர் தீண்டாமைச் சுவர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது என்று தெரிந்த பிறகு, 15 அடியை மட்டும் எடுப்பது எந்தக் கணக்கு? கடவு வைத்த வேலியும் வேலிதான். சொல்லப்போனால் கடவு இல்லாத வேலியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அந்த 15 அடியில் சுவர் இடிந்தது என்று நாம் கொண்டாடினோம், சுவருக்குப் படல் வைத்தாயிற்று என்று நிர்வாகம் கோப்பை மூடியது.

மூடிய கோப்பு மூடியபடி இருக்கவில்லை. இடித்ததை எதிர்த்துச் சாதி இந்துக்கள் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி மோதல், காவல்துறை அத்துமீறல். நவம்பரில் துப்பாக்கிச்சூட்டில் தலித் இளைஞர் ஒருவர் இறந்தார். 2011 நவம்பரில்தான் முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போக முடிந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் துணி மறுபடி கிழியும் என்று தையல்காரரைக் கேட்டால் சொல்வார்.

நம் பக்கத்தையும் பேச வேண்டும். பேரையூர் வட்டத்தில் சந்தையூர். 2018இல் அங்கே அருந்ததியர் மக்கள் வீட்டைவிட்டு மலையடிவாரத்தில் மாதக்கணக்கில் குடியிருந்து போராடினார்கள். எதிர்த்தது ஒரு கோயிலைச் சுற்றி எழுந்த சுவரை. கட்டியவர்கள் பறையர் மக்கள். கோயில் சுற்றுச்சுவர் என்றார்கள் அவர்கள், தீண்டாமைச் சுவர் என்றார்கள் இவர்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், அந்த ஏப்ரலில் சுவர் அகற்றப்பட்டது. உத்தப்புரத்துக்குப் பேருந்து பிடித்துப் போன எத்தனை பேர் சந்தையூருக்குப் போனோம்? "நம்ம ஆளுக பிரச்சினை, வெளிய பேச வேண்டாம்" என்று சொன்ன குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. நான் அப்போது எழுதவில்லை. தப்பு என்னுடையதும்தான். அடைக்கப் பழகிய கைக்கு அடுத்தவன் வழியை அடைப்பதும் பழகிவிடுகிறது என்பதை என் அப்பாவை வைத்தே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு சுவர் மக்களைக் கொல்லவும் செய்யும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். ஆபத்தான சுவர் என்று மக்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு ஒட்டுப்போடக்கூட யாரும் வரவில்லை. எங்கள் பக்கம் விழும் சுவர் அல்லவா.

இந்த அடைப்பு வேலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. மகாத் நகராட்சி 1924இலேயே சவ்தார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மூன்று வருடம் அந்தத் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதன்பின் அவர்கள் செய்தது என்ன? சாணி, கோமியம், பால், தயிர் என்று 108 குடம் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். பிறகு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. நடந்தவர்கள் உடைத்த பொத்தலை மந்திரத்தாலும் தீர்மானத்தாலும் அடைத்தார்கள். உடைப்பு ஒரு நாள் வேலை. அவர்கள் அதன் பிறகு வந்து அடைப்பார்கள், நாம் அதற்குள் அடுத்த கூட்டத்துக்குப் போயிருப்போம்.

இங்கே மாணவத் தோழர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏப்ரல் 14க்கு எங்கள் காலனியில் வைத்த பிளெக்ஸ் பேனர் காணாமல் போனது. பத்து நாள் கழித்து ஒரு ஆட்டுப்பட்டிப் படலில் மழைத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள், அண்ணல் முகம் கிடையை நோக்கி. ஒரு மணி நேரத்தில் 40 பேர் கூடிவிட்டார்கள். சாலை மறியல் செய்யத் தயார், நேரலை போடத் தயார். பேனரை மீட்டோம், சரிதான், மீட்கத்தான் வேண்டும். அதே மாதம் சுடுகாட்டுப் பாதையை அளக்கச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அப்பாவின் கூட்டாளி, 70 வயது, வேலி அடைத்த இன்னொரு கை.

அளப்பது சலிப்பான வேலை, ஒத்துக்கொள்கிறேன். யாரும் கைதட்டமாட்டார்கள். ஆனால் எதை அளப்பது என்றாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அதில் நீள அகலம் மீட்டரில் போட்டிருக்கும். பாதைக்குத் தனி எண் இருந்தால் அ-பதிவேட்டில் அது புறம்போக்கு, வண்டிப் பாதை என்று இருக்கும். படத்தில் 3.6 மீட்டர், களத்தில் 1.4 மீட்டர் என்றால் அந்த வித்தியாசத்தின்மேல் ஓணான் தலையாட்ட முடியாது. ஆக்கிரமிப்பை அகற்ற 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். அதற்கு மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பாதையையும் சுடுகாட்டையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவில் தெளிவாகக் குற்றம். கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்குவது 3(1)(எச்). வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர் தலித் அல்லாதவர் என்றால் அவருக்கு 4ஆவது பிரிவு. இவற்றை மனுவில் எழுதுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன்" என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். பணிவு நிறையவே காட்டியாயிற்று.

இன்னொன்று, அமைதிப் பேச்சுவார்த்தை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து டீ கொடுத்து, "கொஞ்சம் நீங்க விட்டுக்கொடுங்க, கொஞ்சம் அவங்க விட்டுக்கொடுப்பாங்க" என்பார்கள். ஏழரை அடியை எடுத்தவர் ஒரு அடி விட்டால் அவர் பெருந்தன்மை உள்ளவர், இழந்தவர் முழுசாகக் கேட்டால் அவர் பிடிவாதக்காரர். கையெழுத்துப் போடும் முன்னால் புலப்படத்தை மேசைமேல் விரித்து வையுங்கள். அதில் இருக்கும் அளவுக்குக் குறைவான எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உத்தப்புரத்துச் சுவரும் ஒரு ஒப்பந்தத்தின் பேரைச் சொல்லித்தான் எழுந்தது என்பதை அந்த அறையில் யாராவது ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"ஒரு முள்வேலிக்காக ஊரோடு பகை வேண்டுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். மேலவளவு இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வேலை, மேய்ச்சல், கைமாற்றுக் கடன், எல்லாம் அந்த வேலிக்குள் இருக்கிறது. அதனால்தான் தனி ஆளாக யாரையும் முன்னால் தள்ளாதீர்கள் என்கிறேன். மனுவில் தெரு முழுக்கக் கையெழுத்து இருக்கட்டும், பெண்கள் கையெழுத்து முதலில் இருக்கட்டும். அந்தப் பாதையில் தினமும் தண்ணீருக்கும் விறகுக்கும் போய்ச் சேலை கிழிபடுவது அவர்கள்.

இந்த ஆடியில் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தது. அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, அதனால் என் அக்கா மகனைக் கேட்டார்கள். மதுரையில் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். "மூணு நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறான். வந்தவர் சிரித்திருக்கிறார். "வேலி எந்த லைன்ல போகணும்னு புலப்படத்துல இருக்கு, அந்த லைன்லதான் அடைப்பேன்" என்று சொல்லி, போனில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறான். வந்தவர் பேசாமல் போய்விட்டார். வேலி இந்த வருடம் அடைக்காமல் கிடக்கிறது, இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. அளவை மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது, நில அளவையர் வரும் தேதி இன்னும் சொல்லவில்லை. வெளியூர் ஆளை வைத்து அதற்குள் கம்பி வேலி போடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் பாதையைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். மதுரையிலிருந்து வர முடிந்தவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். ஒரு அளவு டேப் கொண்டு வாருங்கள், 30 மீட்டர் டேப்பாக இருந்தால் நல்லது.